முத்திரை மட்டும் தெரிந்தது

அக்டோபர் 12, ஞாயிறு. மேல் பாதை. நான்கு பேர். அறிவிப்பைச் சரியாகப் படிக்காமல் போய்விட்டோம். தொங்குபாலத்தில் வேலை நடக்கிறது. பாதியில் திரும்பினோம். சின்னத் தவறு. யாருக்கும் அடியில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு டிரைவரம்மா பேனாவை மூடினாள். நடைக்குழுவின் தலைவி அவள்தான் என்பதால் குறிப்பேடு எழுதுவதும் அவள் வேலை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி படித்துப் பார்த்தாள். தனித்தனியாக எடுத்தால் எந்த வாக்கியத்திலும் குற்றமில்லை. சேர்த்துப் படித்தால் முழுப் பொய். பேனாவைத் திறந்து 'சின்ன' என்பதை அடித்தாள். 'தவறு' மட்டும் மிஞ்சியது. யாருடைய தவறு என்று அது சொல்லவில்லை. அதற்குமேல் எப்படி எழுதுவதென்று அவளுக்குப் புரியவில்லை. காலையில் ஏறிய கோபம் இன்னும் இறங்காமல் கழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

காலையில் நடந்தது இதுதான்.

மலையடிவாரத்துக் கேட்டுக்கு நால்வரும் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. அவள், அவளுடைய அண்ணன், கடைத்தெருவில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர், அதற்கு நேர் எதிரே தையற்கடை வைத்திருக்கும் மாஸ்டர். நால்வருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். பல வருடங்களாக ஞாயிறு தவறாமல் நடக்கிறார்கள். காவல் கூண்டு பூட்டியிருந்தது. வெளியே முக்காலியில் வருகைப் பதிவேடு கிடந்தது. பக்கத்துக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் புதிதாக ஒரு தாள் தொங்கியது.

குழுவில் ஒரு முறை உண்டு. வாரம் ஒருவர் அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அன்று முழுக்க முன்னால் நடப்பவரும் அவர்தான். இந்த வாரம் மாஸ்டரின் முறை. அவர் தாளின் முன்னால் போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு நல்ல சட்டையைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வழக்கமானதுதான், போலாம்" என்றார்.

மரியாதைக்காக மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கி, ஏதோ ஒரு வரியோடு முழுக்க உடன்பட முடியாதவர்போல் தலையைச் சாய்த்துவிட்டு வந்தார். அண்ணன் நின்ற நேரம் ஒரு கொட்டாவிக்குக்கூடப் போதாது. கடைசியாக அவள் போனாள். சாம்பல் நிறத்தில் கோடு கோடாக என்னவோ இருந்தது. எறும்புகள் வரிசை பிடித்துப் போய்க்கொண்டிருந்தன. ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். எறும்புகள் தெளிவாயின, ஆனால் இன்னும் சிறுத்தன. கீழே வலது மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை. அது நன்றாகத் தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள்.

கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கலாம். மருந்துக்கடையில் அப்படித்தான் செய்கிறாள். ஆனால் அங்கே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கே மூன்று பேர் இருந்தார்கள், மூவரும் படித்துவிட்டார்கள். படிக்காத ஒரே ஆளாக அவள் மட்டும் எப்படிக் கைப்பேசியைத் தூக்குவது?

கண்ணாடியை மலைக்கு எடுத்து வருவதில்லை. எடுத்து வந்த காலமும் உண்டு. ஏறும்போது வியர்வையில் மூக்கைவிட்டு வழுக்கும். மூச்சு பட்டு மங்கும். கழற்ற மறந்து கீழே பார்த்தால் பாதைக் கற்கள் எழும்பி முகத்துக்கு நேராக வரும், காலை எங்கே வைப்பதென்று தெரியாது. பையில் போட்டால் ஒவ்வொரு வழிகாட்டிக் கல்லுக்கும் பையை இறக்கி, பெட்டியைத் திறந்து, துடைத்து, மாட்டி, படித்து, கழற்றி, மூடி, பையைத் தூக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் வளைவு தாண்டிப் போயிருப்பார்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட அண்ணன் ஒருமுறை குனிந்து தண்ணீர் குடிக்கையில் கண்ணாடியை ஓடையில் விட்டார். அன்றிலிருந்து, "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு பாப்பா. எழுத்துக்குத்தான் வயசாகிச் சுருங்கிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு வெறுங்கண்ணோடு நடக்கிறார். தங்கைக்கு ஐம்பத்து நான்கு வயது ஆன பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

தூரத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இரண்டு நிறுத்தங்களுக்கு அப்பால் கை காட்டுகிறவர் ஏறப்போகிறாரா, சும்மா மூக்கைச் சொறிகிறாரா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவளுடைய உள்ளங்கைக்குள் இருக்கும் உலகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் பொட்டலத்தின் தேதி போனது. மாத்திரை அட்டையின் பெயர் போனது. வெள்ளித்தாளில் வெள்ளை எழுத்தில் அச்சடிக்கிறவனை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

வழியில் ஒரு பிரிவு வந்தது. அண்ணன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து இரண்டு விரலால் இழுத்தார். மலை பெரிதானது, ஓடை பெரிதானது, பாதை தடித்தது. பெயர்கள் மட்டும் அதே சின்ன எழுத்தில் நின்றன.

"பாரு, மலையே பெருசாகுது. பேரு ஆகமாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார் அண்ணன்.

"வாயத் தொறக்கச் சொன்னா உதட்ட மட்டும் பிரிக்கிறவங்க மாதிரி" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே மேல் பாதையில் திரும்பியிருந்தார்.

மேலே மேகம் இறங்கியிருந்தது. மாஸ்டர் முன்னால், நடுவில் டாக்டரும் அண்ணனும் பேசிக்கொண்டு, கடைசியில் அவள். பேருந்து ஓட்டிப் பழகியதால் எல்லோரையும் முன்னால் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் அவளுக்கு வசதி. வளைவு திரும்பியதும் தொங்குபாலத்தின் இரும்புக் கம்பிகள் தெரிந்தன. மாஸ்டர் கம்பியைப் பிடித்து முதல் மரக்கட்டையில் காலை வைத்தார். இரண்டாவது கட்டையிலும் வைத்தார். அவர் கால் அருகே பார்த்து நடந்தார். அவள் அவருக்கு அப்பால் பார்த்தாள். மேகம் ஒரு மூச்சு விலகியது. நாலாவது கட்டைக்குப் பிறகு கட்டையே இல்லை. கம்பிகள் மட்டும் அந்தக் கரைவரை போய்க்கொண்டிருந்தன. கீழே ஓடையின் சத்தம்.

"மாஸ்டர்! நில்லுங்க! அப்படியே நில்லுங்க!"

நிறுத்தத்தைத் தாண்டி ஓடிவந்து கதவைத் தட்டுகிற பயணிகளிடம்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. மாஸ்டர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அண்ணன் பின்னால் போய் அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். மாஸ்டர் கரையில் உட்கார்ந்தார். அவள் அவருக்கு ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள். அவர் அதைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். புதரில் சிவப்பு நாடா ஒன்று அறுந்து சிக்கிக் கிடந்தது. பாதை மூடியதைக் காட்டக் குறுக்கே கட்டியிருப்பார்கள். காற்று அறுத்துவிட்டிருந்தது.

இறங்குகிற வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். கேட்டை அடைந்ததும் கூண்டு திறந்திருந்தது. வனக் காவலர், அவள் மகன் வயது இருக்கும், தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மேல பாலத்துல கட்டை இல்ல. ஆள் சாக வேண்டியது. ஒரு வார்த்தை சொல்றதுக்கு இங்க நாதி இல்லையா?"

"போர்டுல போட்டிருக்கே அம்மா."

"எங்க போட்டிருக்கு?"

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தாளுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே, மூச்சு விடாமல் படித்தார். "மேற்படி வனப்பகுதியில் நடைபயணம் மேற்கொள்ளும் பொதுமக்களின் பாதுகாப்பையும் வசதியையும் கருத்தில் கொண்டு, நெகிழிப் பொருட்களைத் தவிர்த்தல், தீ மூட்டாதிருத்தல் ஆகிய பொது நிபந்தனைகளுடன்..." அப்படியே போனது. பாலம் என்ற சொல் கடைசிக்கு முந்தைய வரியில்தான் வந்தது. மூடப்பட்டுள்ளது என்பது அதற்கும் பிறகு. அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. அந்தக் கண்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

"படிச்சீங்களா இல்லையா?" என்று கேட்டார் காவலர்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "எங்க குழுவுல ஒரு முறை இருக்கு தம்பி. வாரம் ஒருத்தர் படிக்கணும். இன்னிக்கு இவரு முறை." மாஸ்டரைக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். பயத்தில் வந்த எரிச்சலோ என்னவோ, தொடர்ந்தார்: "போன மாசம் நீங்க தச்ச பேண்ட்ல ஒரு கால் நீளமா இருந்துச்சே, அப்பவே நான் நினைச்சேன் மாஸ்டர்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கட்டைவிரல் ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, இல்லாத நூலை முறுக்குவதுபோல். மருத்துவமனையில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் டாக்டர் ஓயாமல் பேசுவார் என்பது ஊருக்கே தெரியும். நாளை மதியத்துக்குள் கடைத்தெரு முழுக்க இந்தப் பேச்சு போய்விடும். கண் தெரியாத தையற்காரரிடம் யார் துணி கொடுப்பார்கள்?

டிரைவரம்மாவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"டாக்டர், நீங்களும் போய் நின்னீங்களே. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"நான் சும்மா மேலோட்டமா..."

"மேலோட்டமான்னா எதுவரைக்கும்? முதல் வரியா, ரெண்டாவது வரியா?"

"பாப்பா, விடு" என்றார் அண்ணன்.

"நீ பேசாத அண்ணே. நீயும் ஒரு நொடி நின்னுட்டு வந்தவன்தான்." அவள் காவலர் பக்கம் திரும்பினாள். "நானும்தான் பாத்தேன் தம்பி. நான்தான் தலைவி. எனக்கு ஒரு எழுத்துத் தெரியல. முத்திரை மட்டும் தெரிஞ்சுது. அத பாத்துத் தலையாட்டிட்டுப் போனேன். முத்திரைய உள்ளங்கை அளவுக்குப் போடத் தெரிஞ்சவங்களுக்கு, பாலம் இல்லைங்கறத எறும்பு அளவுக்குத்தான் போடத் தெரியுமா? இங்க நடக்க வர்றவங்க யாரு? பாதிப் பேரு எங்க வயசுக்காரங்க. எங்களுக்காகப் போட்டதா இது, இல்ல, போட்டோம்னு காட்டறதுக்காகப் போட்டதா?"

காவலர் கூண்டுக்குள் போய் ஒரு படிவத்தை எடுத்து வந்தார். மூடிய பாதையில் போனவர்களைப் பற்றி அறிக்கை எழுத வேண்டுமாம். குழுத் தலைவர் யார், என்ன வேலை என்று கேட்டு எழுதினார்.

"பஸ் டிரைவரா?" பேனா நின்றது. அவர் முதல்முறையாக அவள் கண்களைப் பார்த்தார், பழுதான விளக்கைப் பார்ப்பதுபோல். "கண்ணு தெரியலன்னு சொன்னீங்களே."

"கிட்டத்துல. அந்தக் கோடியில நிக்குதே ஜீப், அதோட நம்பர் சொல்லட்டுமா?" சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, தலையாட்டினார்.

"சரிதாம்மா. ஆனா இதுல பார்வைக் குறைபாடு, ஆம், இல்லை, ரெண்டு கட்டம்தான் இருக்கு. கிட்டன்னு எழுத இடமில்ல. நீங்களே சொன்னதால ஆம்ல டிக் போட்டிருக்கேன். ஒரு நகல் உங்க டெப்போவுக்குப் போகும். இங்க ஒரு கையெழுத்து."

தாளை நீட்டினார். அதில் மறுபடியும் எறும்புகள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சமும் நல்ல சிரிப்பு அல்ல. "படிக்க முடியாததுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"நான் வேணா படிச்சுக் காட்டறேன்."

"காலையில நீங்க இங்க இருந்து இத படிச்சுக் காட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

"டியூட்டியே எட்டு மணிக்குத்தானேம்மா" என்றார் அவர், நொந்துபோய். அவர்மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தத் தாளை அடித்தவர் அவர் இல்லை. அடித்தவர் எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால், யாரும் கத்த முடியாத தூரத்தில் இருக்கிறார். "நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு வாங்க. மேலதிகாரி இருப்பாரு. வரலன்னா உங்க குழு அனுமதிய ரத்து பண்ணிடுவாங்க. இந்த அறிக்கையும் இப்படியே டெப்போவுக்குப் போயிடும்."

வீட்டுக்கு வந்து, குளித்து, குறிப்பேட்டில் எழுதி, ஒரு சொல்லை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பயம் வந்தது. கோபத்தில் இருக்கும்போது அது எங்கே போயிருந்தது? வண்டியில் ஏறுகிறவர்கள் ஒரு வார்த்தை கேள்விப்பட்டால் போதும். அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதாம். கிட்டவா தூரமா என்று யாரும் விசாரிக்கப்போவதில்லை. டெப்போவில் அவளை நிறுத்திவைத்துவிட்டு மருத்துவ வாரியம் கூடும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். பேசாமல் இருந்திருக்கலாமோ? அவள் வாயைத் திறக்காவிட்டால் படிவத்தில் மாஸ்டர் பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். அப்படி நினைத்துப் பார்த்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தையற்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. குனிந்து நுழைந்தாள். மாஸ்டர் வெட்டும் மேசையருகே நின்றிருந்தார்.

"எதுக்கு வந்தீங்க டிரைவரம்மா?" என்றார், திரும்பாமல். "சமாதானம் சொல்லவா? நான் உங்க மேல கோவமா இருக்கேன்."

"என் மேலயா?"

"உங்க வேலைய எதுக்கு எனக்காகப் பணயம் வச்சீங்க? யாரு கேட்டா?"

"நான் உங்களுக்காகச் சொல்லல மாஸ்டர். நிஜமாவே எனக்குத் தெரியல."

அவர் கத்தரியை வைத்தார். "எனக்கு ஒரு வருஷமாவே கிட்டத்துல தெரியல" என்றார். "என் பொண்ணு காலேஜ் கிளம்பறதுக்கு முன்னாடி ஊசியெல்லாம் கோத்துக் குத்திவச்சிட்டுப் போவா. அது தீர்ந்தா கடைய மூடிடுவேன். தையல் விரலுக்குத் தெரியும். அளவு டேப்பு எழுத்துத்தான் காலை வாருது. டாக்டர் பேண்ட்டு நிஜமாவே ஒரு கால் நீளம்."

"கண்ணாடி?"

"கடையில கண்ணாடி போட்டா, கஸ்டமர் மூஞ்சி மாறுது."

எவ்வளவு மடத்தனம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஊசியும் நூலுமாகப் பிழைக்கிற மனிதர் ஒரு கண்ணாடிக்கு வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அவளும்தான் வெட்கப்பட்டாள். நான்கு பேர் வெட்கப்பட்டார்கள், அதற்கு விலையாக ஒருவர் ஓடைக்குள் போயிருப்பார்.

அப்போதுதான் மேசையைப் பார்த்தாள். ஒரு வெள்ளைப் போர்வைத் துணி விரித்திருந்தது. அதன்மேல் கறுப்புத் துணியில் வெட்டிய எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு முழம் உயரம். ஒரு 'பா' முழுதாக இருந்தது. 'ல' பாதியில் நின்றது.

"என்ன இது?"

"மேல் பாலம் இல்லை. அவ்வளவுதான் எழுதப்போறேன். மேற்படியும் கிடையாது, முன்னிட்டும் கிடையாது." அவர் கத்தரியை மறுபடி எடுத்தார். "ஆபீஸ்ல பேசி அவங்க மாத்தறதுக்குள்ள இன்னும் எத்தனை பேரு ஏறுவாங்களோ? அளவு போதுமான்னுதான் தெரியல. எனக்குக் கிட்டயும் சரியில்ல, தூரமும் இப்போ சுமார்தான்."

"குடுங்க, நான் பாக்கறேன்."

அவள் வெளியே போய்த் தெருவைக் கடந்து, பூட்டியிருந்த பல் மருத்துவமனையின் படியில் ஏறி நின்றாள். மாஸ்டர் இரும்புக் கதவை முழுக்க மேலே தள்ளிவிட்டு, 'பா'வை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். விளக்கு பின்னாலிருந்ததால் அவர் முகம் மறைந்து, வாசல் நிறைய அந்த எழுத்து மட்டும் நின்றது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி அதைப் பார்த்தார்.

"தெரியுதா?" மாஸ்டர் துணிக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

"தெரியுது! அந்தக் காலை மட்டும் இன்னும் கொஞ்சம் தடியா வெட்டுங்க!"

"இது போதாதா?"

"மேகம் இருந்தா போதாது மாஸ்டர்!"

அவர் எழுத்தை இறக்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் படியிலேயே நின்றாள். காலையில் டெப்போவுக்குப் போக வேண்டும். விடுப்பு எதற்கு என்று கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு வனத்துறை அலுவலகம், கண்ணாடியோடு. இதற்கெல்லாம் முன்னால், காவலர் வருவதற்குள், கேட்டில் துணியைக் கட்ட வேண்டும். நாலு மூலைக்கும் கயிறு வாங்க வேண்டும்.